அலுவலகத் தொலைபேசி: அறிந்திருக்க வேண்டிய சில சொற்கள்

ஆரணியில் தறிக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எழுத்து தெரியும் முன்பே சில பெயர்கள் தெரிந்துவிடும். பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது, ஜக்கார்டு அட்டை ஆகிய இவற்றை யாரும் உட்கார வைத்துப் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. "விழுதுகிட்ட ஓர் இழை விட்டுப்போச்சு பாரு" என்று தறிக்குழியில் இருந்தபடியே அப்பா குரல் கொடுப்பார். பெயர் தெரிந்தால்தான் கை அந்த இடத்திற்குப் போகும். பெயர் தெரியாதவன் தறியைச் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். "பேரு தெரியாத கருவி பாதிக் கருவி" என்பார் என் தந்தையார்.

நான் இக்கட்டுரையில் எழுதப்போவது தறியைப் பற்றியன்று, தொலைபேசியைப் பற்றி. அதுவும் நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியைப் பற்றியன்று. கடைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், மருத்துவமனைகளிலும், நம் கல்லூரி அலுவலகத்திலும் மேசைமேல் அமர்ந்திருக்கும் கம்பித் தொலைபேசியைப் பற்றி. "இந்தக் காலத்தில் அதை யார் கற்றுக்கொள்வார்கள்?" என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மாலைப்பொழுது அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அன்று நடந்தது

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊரில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன். முன்பக்கம் விற்பனைக் கூடம்; மாடியில் சரக்கு அறை; பின்கட்டில் சாயப்பட்டறை. கணக்கு அறையில் என் மேசையில்தான் தொலைபேசி. வரும் அழைப்புகளை எடுத்து, உரிய இடத்திற்கு அனுப்புவதும் என் வேலையாயிற்று. முதல் நாள் ஒருவர் வந்து, "கூப்பிட்டா எடு. மேலே இருக்கிற கொண்டியை ஒரு தட்டு தட்டி 27 போட்டா பட்டறை, 24 போட்டா சரக்கு ரூம். போட்டுட்டு வச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பயிற்சி அவ்வளவுதான்.

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். மணி அடித்தது. எடுத்தேன். "தம்பி, சாயப்பட்டறையில இருக்காரே, அவரோட சம்சாரம் பேசறேன். கொஞ்சம் அவருகிட்ட குடு, கண்ணு" என்று ஒரு பெண் குரல். என்ன செய்தி என்று நான் கேட்கவில்லை. கொண்டியை அழுத்தினேன், 27 சுழற்றினேன், மறுமுனையில் மணி போகும் ஓசை கேட்டது, ரிசீவரை வைத்துவிட்டேன். வழக்கம்போல எல்லாம் முடிந்துவிட்டது என்றே எண்ணினேன்.

முடியவில்லை. நான் கொண்டியைச் சற்று அதிக நேரம் அழுத்திவிட்டேன். அந்த அம்மாவின் அழைப்பு அப்போதே அறுந்துவிட்டது. பட்டறையில் ஒரே ஒரு மணி அடித்து ஓய்ந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அண்ணன் எடுத்தபோது மறுபக்கம் யாரும் இல்லை. யாரோ தவறாக அழுத்திவிட்டார்கள் என்று விட்டுவிட்டார். சாயத் தண்ணீரில் வேலை செய்பவர் என்பதால் அவருடைய கைப்பேசி எப்போதும் அலமாரியில் இருக்கும்.

அந்த அம்மா மீண்டும் மீண்டும் அழைத்திருக்கிறார். அதற்குள் சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அதே எண்ணில் பேசத் தொடங்கிவிட்டார். அம்மாவுக்குக் கிடைத்தது "ஈடுபட்டுள்ளது" என்னும் ஓசை மட்டுமே. எங்கள் கடைக்கு மூன்று எண்கள் உண்டு. மற்ற இரண்டும் அப்போது சும்மாதான் இருந்தன.

அண்ணனின் தாயார் வீட்டில் வாய் கோணி விழுந்துவிட்டார் என்பதுதான் செய்தி. 108 வண்டியில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாலை ஆறரை மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் வந்து சொன்ன பிறகே அண்ணன் புறப்பட்டார். அவர் போய்ச் சேர்வதற்குள் தாயாருக்குப் பேச்சு நின்றுவிட்டது. வண்டியில் ஏற்றும்வரை மகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பேச்சு பிறகு திரும்பவில்லை.

அண்ணன் என்னைக் கோபிக்கவில்லை. "உனக்கு யாரும் சரியாச் சொல்லித் தரலையே, தம்பி. நீ என்ன பண்ணுவே?" என்றார். அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. இயற்பியல் படிக்கும் மாணவன் நான். தினமும் கையில் பிடித்த கருவியின் உறுப்புகளுக்கு எனக்குப் பெயர் தெரியாது. அதன் பிறகு, பெட்டியுடன் வந்த கையேட்டைப் படித்தும், கம்பி பழுதுபார்க்க வந்தவரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

இணைப்பகமும் கிளை இணைப்பகமும்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-ஆம் ஆண்டில். ஆறே ஆண்டுகளில், 1882-இல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. இணைப்பகம் என்பதைத்தான் நாம் எக்ஸ்சேஞ்ச் என்கிறோம். பத்து வீடுகளை ஒன்றோடொன்று நேராகக் கம்பி போட்டு இணைக்க 45 இணைப்புகள் வேண்டும். நூறு வீடுகளுக்கு 4,950 வேண்டும். எல்லாக் கம்பிகளையும் நடுவில் ஓர் இடத்திற்குக் கொண்டுவந்துவிட்டால் நூறு வீட்டுக்கு நூறு இணைப்பு போதும். அந்த நடு இடமே இணைப்பகம்.

தொடக்கத்தில் அங்கே ஆட்கள் அமர்ந்து கையால் இணைத்தார்கள். தானே இணைக்கும் கருவிக்கு 1891-இல் காப்புரிமை பெற்றவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்னும் அமெரிக்கர். அவர் பொறியாளர் அல்லர். ஈமச் சடங்குப் பொருள் வணிகர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகப் பணியாளர் வேண்டுமென்றே போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஐயுற்று, ஆளே வேண்டாத கருவியை ஆக்கினார் என்று கதை சொல்வார்கள். தவறான இடத்திற்குப் போன அழைப்பின் வேதனை அன்றே தொடங்கிவிட்டது!

நம் நாட்டில் இடையில் ஆளின்றி வெளியூருக்கு நேரே சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. 1984-இல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் நடுவண் அரசு ஆய்வு மையம், நம் ஊர்களின் வெப்பத்தையும் தூசியையும் தாங்கும் சிறிய மின்னணு இணைப்பகங்களை வடிவமைத்தது. அதன் பிறகே கிராமங்களுக்கும் தொலைபேசி விரைந்து பரவியது.

இப்போது அலுவலகத்திற்கு வருவோம். ஊருக்கு ஓர் இணைப்பகம் இருப்பதுபோல ஓர் அலுவலகத்திற்குள்ளேயே ஒரு குட்டி இணைப்பகம் இருந்தால் எப்படி? அதுதான் பி.பி.எக்ஸ்., அதாவது தனிக் கிளை இணைப்பகம். ஆளில்லாமல் தானே இயங்கினால் நடுவில் ஓர் 'ஏ' சேர்ந்து பி.ஏ.பி.எக்ஸ். ஆகும். மின்னணுக் கருவியால் இயங்கினால் முன்னால் ஓர் 'ஈ' சேர்ந்து ஈ.பி.ஏ.பி.எக்ஸ். ஆகும். எங்கள் கடைச் சுவரில், மின் மீட்டர் அளவில், யாரும் திரும்பிப் பார்க்காமல் தொங்கிக்கொண்டிருந்த பெட்டி அதுதான். ஊர் வழக்கில் அதற்கு "இன்டர்காம் பெட்டி" என்று பெயர்.

வெளிக்கம்பியும் உள்ளிணைப்பும்

ஊர் இணைப்பகத்திலிருந்து நம் பெட்டிக்கு வரும் கம்பி டிரங்க் எனப்படும். அடிமரம் என்று பொருள் கொள்ளலாம். பெட்டியிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் போகும் கம்பி எக்ஸ்டென்ஷன். இதை உள்ளிணைப்பு என்போம். அடிமரம் சில, கிளைகள் பல. எங்கள் பெட்டியை விற்பவர்கள் "308" என்று குறிப்பிடுவார்கள். 3 வெளிக்கம்பி, 8 உள்ளிணைப்பு என்பதே அதன் பொருள். 24, 27 என்று நாங்கள் போட்டவை உள்ளிணைப்பு எண்கள். அவை பெட்டிக்குள் மட்டுமே செல்லும். வெளியே அவற்றுக்கு மதிப்பில்லை.

வெளியே பேச வேண்டுமானால் முதலில் ஒரு வெளிக்கம்பியைப் பிடிக்க வேண்டும். அதற்கான எண் பல இடங்களில் 0. சில இடங்களில் 9. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. 2021 ஜனவரி 15 முதல் கம்பித் தொலைபேசியிலிருந்து எந்தக் கைப்பேசியை அழைத்தாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஆகவே எங்கள் கடையிலிருந்து கைப்பேசியை அழைப்பவர் வெளிக்கம்பிக்கு ஒரு 0, கைப்பேசிக்கு இன்னொரு 0, பிறகு பத்து இலக்கம் போட வேண்டும். ஒரே ஒரு 0 போட்டுவிட்டு "போகவே மாட்டேங்குது" என்று கருவியைத் திட்டுவோர் பலர்.

இதே முறையில் நம் ஊர் எண்ணையும் பிரித்துப் பார்க்கலாம். ஆரணியின் எஸ்.டி.டி. குறியீடு 04173. முதல் 0 வெளியூர் என்பதற்கு அடையாளம். மீதி 4 இலக்கமும் ஊருக்குள் இருக்கும் 6 இலக்கமும் சேர்ந்து 10. சென்னையில் குறியீடு 44 என்று இரண்டே இலக்கம். ஊர் எண் 8 இலக்கம். கூட்டினால் அங்கும் 10.

கொண்டியும் ஃபிளாஷும்

ரிசீவரைத் தூக்கியதும் மேலெழும் அந்தச் சிறு கொண்டிக்கு ஹுக் சுவிட்ச் என்று பெயர். அது செய்யும் வேலை எளியது. இணைப்பகத்தில் 48 வோல்ட் மின்கலம் இருக்கிறது. ரிசீவரைத் தூக்கினால் கொண்டி உயர்ந்து, மின்சுற்று மூடி, சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. "யாரோ பேச விரும்புகிறார்" என்று இணைப்பகம் அறிந்து, சுழற்றலாம் என்னும் ஓசையை அனுப்புகிறது. இதுவே டயல் டோன். ரிசீவரை வைத்தால் சுற்று திறந்து, பேச்சு முடிந்ததென இணைப்பகம் அறிகிறது. மணி அடிக்கும்போது மட்டும் கம்பியில் ஏறத்தாழ 75 வோல்ட் மாறு மின்னழுத்தம் வரும். அந்த நேரத்தில் வெறுங்கையால் கம்பியைத் தொட்டவருக்கு அது நன்றாகத் தெரியும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். பேச்சின் நடுவே கொண்டியை ஒரு நொடிக்கும் குறைவாக, ஒரு தட்டுத் தட்டினால், பெட்டி அதை "முடிந்தது" என்று கொள்ளாது. "கொஞ்சம் பொறு, ஒரு வேலை இருக்கிறது" என்று கொள்ளும். இதற்கு ஃபிளாஷ் என்று பெயர். அழுத்தம் நீண்டால் அது ஃபிளாஷ் ஆகாது. அழைப்பை அறுத்தல் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது அரை நொடி அளவே. கையால் கொண்டியைத் தட்டும்போது இந்த அளவு தவறுவது எளிது. அதனால்தான் அலுவலகத் தொலைபேசிகளில் ஃபிளாஷ் என்று தனிப் பொத்தான் வைக்கிறார்கள். அதை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் சரியான அளவுக்கே சுற்று திறக்கும். என் மேசைத் தொலைபேசியிலும் அந்தப் பொத்தான் இருந்தது. அதன்மேல் எழுத்து தேய்ந்திருந்தது. அது எதற்கென்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

நிறுத்தலும் மாற்றலும்

ஃபிளாஷ் தட்டியதும் வெளியிலிருந்து பேசுபவர் நிறுத்தி வைக்கப்படுகிறார். இது ஹோல்டு. அவருக்கு இசையோ ஓர் ஓசையோ கேட்கும். நமக்கு உள் டயல் டோன் கேட்கும். இப்போது உரிய உள்ளிணைப்பு எண்ணைப் போட்டு அழைப்பை அங்கே அனுப்புவது டிரான்ஸ்ஃபர், மாற்றல் என்போம்.

மாற்றலில் இரு வகை உண்டு. எண்ணைப் போட்டதும் காத்திராமல் ரிசீவரை வைத்துவிடுவது குருட்டு மாற்றல். மறுமுனையில் ஆள் எடுக்கும்வரை பொறுத்திருந்து, "உங்க வீட்டிலிருந்து பேசறாங்க" என்று சொல்லிவிட்டு வைப்பது அறிவித்து மாற்றல். நான் செய்தது முதல் வகை. இரண்டாம் வகையைச் செய்திருந்தால், அண்ணன் எடுத்ததும் என் குரலாவது கேட்டிருக்கும். வெளியிலிருந்து பேசியவர் அறுந்துபோனதை அந்த இடத்திலேயே கண்டிருப்போம். அவர் உடனே வீட்டிற்குப் பேசியிருப்பார்.

சில பெட்டிகளில் ஒரு பாதுகாப்பு உண்டு. மாற்றிய அழைப்பைக் குறிப்பிட்ட நேரத்திற்குள் யாரும் எடுக்காவிட்டால் அது அனுப்பியவரிடமே திரும்பி வரும். இதற்கு ரிகால் என்று பெயர். ஆனால் நிறுத்தி வைக்கப்பட்ட அழைப்புதான் திரும்பி வரும். அறுந்த அழைப்பு திரும்பாது.

இவற்றோடு சேர்த்து அறியவேண்டியது பிக்கப். பக்கத்து மேசையில் ஆளில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தால், எழுந்து ஓடாமல் நம் தொலைபேசியிலேயே ஒரு குறியீட்டைப் போட்டு அந்த அழைப்பை எடுக்கலாம். ஃபார்வர்டு என்பது, நம் மேசைக்கு வருவதை நாம் இருக்கும் வேறு மேசைக்கு முன்கூட்டியே திருப்பிவிடுவது. பாரிங் என்பது தடை: எந்த உள்ளிணைப்பிலிருந்து உள்ளூர், எதிலிருந்து வெளியூர், எதிலிருந்து வெளிநாடு என்று வரம்பு கட்டுவது.

ஹன்டிங்: மூன்று கம்பியும் ஒரு கம்பியும்

மற்ற இரு எண்களும் சும்மா இருக்கும்போது அந்த அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை? வெளியாருக்குத் தெரிந்தது எங்கள் முதல் எண் மட்டுமே. பெயர்ப் பலகையிலும் பில்லிலும் அதுதான் அச்சாகியிருக்கிறது. முதல் எண் பேச்சில் இருந்தால் அழைப்பைத் தானாக இரண்டாவதற்கும், அதுவும் பேச்சில் இருந்தால் மூன்றாவதற்கும் தள்ளிவிடும் ஏற்பாட்டுக்கு ஹன்டிங் என்று பெயர். இலவசமான கம்பியைத் தேடிப் பிடித்தல் என்று பொருள். இது நம் பெட்டியில் செய்வதன்று. ஊர் இணைப்பகத்தில் செய்வது. நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். எங்கள் கடையில் யாரும் கேட்டிருக்கவில்லை.

இதனால் எவ்வளவு இழப்பு என்பதைக் கணக்காகவே காட்டலாம். டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஏ.கே. எர்லாங் (1878–1929) கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். எத்தனை கம்பி இருந்தால் எத்தனை அழைப்பு தவறும் என்பதற்கு 1917-இல் அவர் ஒரு வாய்பாடு தந்தார். தொலைபேசி நெருக்கடியை அளக்கும் அலகுக்கே இன்று எர்லாங் என்று பெயர்.

நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் 20 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்று கொள்வோம். மொத்தம் 60 நிமிடம். அதாவது 1 எர்லாங். "ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு கம்பி போதுமே" என்று தோன்றும். அழைப்புகள் வரிசையில் நின்று வந்தால் போதும்தான். அவை அப்படி வருவதில்லையே! எர்லாங் வாய்பாட்டின்படி, ஒரே கம்பியானால் இரண்டில் ஓர் அழைப்பு தவறும். இரண்டு கம்பியானால் ஐந்தில் ஒன்று. மூன்று கம்பியானால் பதினாறில் ஒன்று. நான்கானால் அறுபத்தைந்தில் ஒன்றுதான்.

எங்கள் கடையை இதில் பொருத்திப் பாருங்கள். மூன்று கம்பிக்கு மாத வாடகை கட்டினோம். ஹன்டிங் இல்லாததால், வெளியிலிருந்து அழைப்பவருக்கு ஒரு கம்பியின் பயனே கிடைத்தது. அத்தனை நெருக்கடி இருந்தால், பதினாறு பேரில் ஒருவர் திரும்பிப் போவதற்குப் பதிலாக எட்டுப் பேர் திரும்பிப் போயிருப்பார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர் சேலை கேட்பவராகவும் இருக்கலாம். உயிர்ச் செய்தி சொல்பவராகவும் இருக்கலாம்.

பொத்தானில் ஒரு நெசவு

கட்டுரை கனத்துவிட்டது, மனத்திற்கு இதமான ஒன்றையும் சொல்கிறேன். முற்காலத்துச் சுழல் தட்டுத் தொலைபேசியில் 7 என்று சுழற்றினால், தட்டு திரும்பி வரும்போது மின்சுற்று ஏழு முறை திறந்து மூடும். இணைப்பகம் அதை எண்ணிக்கொள்ளும். பொத்தான் தொலைபேசியில் அப்படி இல்லை. பொத்தான்கள் நிரையும் நிரலுமாக இருக்கின்றன அல்லவா? ஒவ்வொரு நிரைக்கும் ஓர் ஒலி அதிர்வெண். ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் ஒலி அதிர்வெண். 5-ஐ அழுத்தினால் அதன் நிரைக்குரிய 770 ஹெர்ட்ஸும், அதன் நிரலுக்குரிய 1336 ஹெர்ட்ஸும் ஒருங்கே ஒலிக்கும். இரண்டும் சந்திக்கும் இடம் 5 என்று மறுமுனைக் கருவி அறிந்துகொள்ளும். இதற்கு டி.டி.எம்.எஃப். என்று பெயர், இரட்டைத் தொனி முறை எனலாம். பாவும் ஊடையும் சந்திக்கும் புள்ளியில் பூ விழுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது உள்ளம் துள்ளியது. "விற்பனைக்கு 1 அழுத்தவும், கணக்குக்கு 2 அழுத்தவும்" என்று சொல்லும் தானியங்கி வரவேற்பும் இந்த இரட்டைத் தொனியைக் கேட்டே இயங்குகிறது.

மின்சாரம் போனால்?

2012-ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாதாரணக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் ஊர் இணைப்பகத்து மின்கலத்திலிருந்தே வரும். ஆகவே வீடு இருண்டாலும் தொலைபேசி பேசும். ஆனால் அலுவலகத்துப் பெட்டிக்கு நம் மின்சாரம் வேண்டும். அது நின்றால் உள்ளிணைப்புகள் எல்லாம் ஊமையாகும். இதற்காகவே பல பெட்டிகளில் பவர் ஃபெயில் டிரான்ஸ்ஃபர் என்னும் ஏற்பாடு உண்டு. மின்சாரம் போன உடன் முதல் வெளிக்கம்பி குறிப்பிட்ட ஓர் உள்ளிணைப்போடு நேரே சேர்ந்துகொள்ளும். அந்த உள்ளிணைப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதை அலுவலகத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். எங்கள் கடையில் அது பூட்டிக் கிடக்கும் சரக்கு அறையில் இருந்தது!

இப்போது செப்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வருகிறது. கண்ணாடி இழை மின்னோட்டத்தைக் கடத்தாது. ஆகவே நம் சுவரில் பொருத்தும் சிறு பெட்டிக்கு மின்சாரம் இல்லையெனில் தொலைபேசியும் இல்லை. இழை இணைப்புக்கு மாறுகிறவர்கள் கூடவே ஒரு மின்கல ஏற்பாடும் செய்துகொள்வது நல்லது.

புதிய பெயர்கள்

நாளை நாம் வேலைக்குப் போகும் இடங்களில் வேறு சில சொற்களும் காதில் விழும். பேச்சை எண்களாக மாற்றி அனுப்பும் முறையில், ஒரு நொடிக்கு 8,000 முறை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறார்கள். ஆக ஒரு பேச்சுக்கு நொடிக்கு 64,000 பிட். இப்படிப்பட்ட 32 தடங்களை ஒரே இணைப்பில் கட்டி அனுப்புவது பி.ஆர்.ஐ. எனப்படும். அதில் 30 தடம் பேச்சுக்கு; மீதி இரண்டு ஒழுங்குபடுத்தவும் சைகை அனுப்பவும்.

இணைய வழியிலேயே பேச்சை அனுப்பும் பெட்டி ஐ.பி. பி.பி.எக்ஸ். அதற்கு வெளிக்கம்பி போல உதவுவது சிப் டிரங்க். பழைய தொலைபேசியைப் புதிய பெட்டியோடு சேர்க்கும் துளைக்கு எஃப்.எக்ஸ்.எஸ். என்றும், ஊர் இணைப்பகத்துக் கம்பியைச் செருகும் துளைக்கு எஃப்.எக்ஸ்.ஓ. என்றும் பெயர். முன்னது உள்ளிணைப்பு, பின்னது வெளிக்கம்பி என்று நினைவில் கொண்டால் போதும். பெயர்கள் மாறினாலும் அடிமரமும் கிளையும் மாறவில்லை. நிறுத்தல், மாற்றல், பிடித்தல் ஆகியவையும் மாறவில்லை.

இறுதியாகச் சில சொற்கள்

விடுமுறை முடிவதற்குள் கடை முதலாளியிடம் அனைத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஹன்டிங் கேட்டு விண்ணப்பம் எழுதினோம்; சில நாளில் கிடைத்தது. அழைப்பவர் எண்ணைக் காட்டும் தொலைபேசி ஒன்று என் மேசைக்கு வந்தது. அறுந்துபோனால் நாமே திருப்பி அழைக்கலாம் அல்லவா? மின்சாரம் போனால் பேசும் உள்ளிணைப்பைச் சரக்கு அறையிலிருந்து கணக்கு அறைக்கு மாற்றினோம். தேய்ந்த ஃபிளாஷ் பொத்தானுக்குச் சிவப்பு வண்ணம் பூசினேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை எழுதி வைத்தேன்:

யார், என்ன செய்தி என்று கேள். கொண்டியைத் தட்டாதே, சிவப்புப் பொத்தானை அழுத்து. மறுமுனையில் ஆள் எடுக்கும்வரை வைக்காதே. எடுக்காவிட்டால் அழைத்தவரிடம் திரும்பி வந்து சொல். வீட்டுச் செய்தி என்றால் எழுந்து போய்ச் சொல்.

அட்டையின் கடைசி வரிக்கு எந்தத் தொலைபேசியும் வேண்டாம். என் மேசையிலிருந்து பட்டறைக்கு நாற்பது அடிதான்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு மேசையில் அமரப்போகிறோம். அங்கே ஒரு தொலைபேசி இருக்கும். "எடு, தட்டு, போடு, வை" என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றே அவரை நிறுத்தி, ஃபிளாஷ் எது, ஹோல்டு எது, ஹன்டிங் இருக்கிறதா, மின்சாரம் போனால் எந்த மேசை பேசும் என்று நான்கு கேள்வி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இதை நம் ஆண்டு மலருக்கு எழுதப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். சாயத்தில் தோய்ந்த பட்டுக் கண்டியை முறுக்கிப் பிழிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "எழுது தம்பி. அடுத்து வர்ற பையனுக்கு ஆகும்" என்றார். அவருக்காகவே எழுதினேன்.